படையலும் பந்தியும்

இத்தாலியின் மோதெனா நகரத்தில் 'ஒஸ்தேரியா பிரான்செஸ்கானா' என்றோர் உணவகம். மாஸ்ஸிமோ போத்துரா என்பவர் 1995-இல் தொடங்கியது. மொத்தமே பன்னிரண்டு மேசைகள். உலகின் சிறந்த உணவகங்கள் பட்டியலில் 2016-இலும் 2018-இலும் முதலிடம் பெற்றது. மிஷெலின் வழிகாட்டியின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரங்களும் அதற்கு உண்டு. ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் 300 யூரோவுக்கு மேல் ஆகும். நம் கணக்கில் ஏறத்தாழ 30,000 ரூபாய். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இது தகுமா என்று மனம் கேட்கும். கேட்கட்டும். அந்தக் கேள்வியைத் துரத்தாமல் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, அங்கே வரும் ஒரு தட்டைப் பார்ப்போம்.

தட்டில் இருப்பது ஒரே பொருள். அந்த வட்டாரத்துச் சீஸான பர்மிஜானோ ரெஜ்ஜானோ. ஆனால் ஐந்து வயதில், ஐந்து வடிவில் இருக்கிறது. 24 மாதம் முதிர்ந்தது சூடாக, மெத்தென்று உப்பிய சூஃப்லேயாக. 30 மாதத்தது இளஞ்சூட்டில் கூழ்ப்பதமான சாஸாக. 36 மாதத்தது குளிர்ந்த நுரையாக. 40 மாதத்தது பல்லில் நொறுங்கும் மெல்லிய வில்லையாக. 50 மாதத்தது வெறும் காற்றாக. சீஸின் சாரம் இறங்கிய நீரை அடித்து எடுத்த குமிழ்கள் அவை. நாக்கில் வைத்ததும் உடைந்து, மணம் மட்டும் நிற்கும். தட்டு முழுக்கத் தந்தத்தின் நிறம். அலங்காரத்துக்கு ஒரு பச்சை இலைகூடக் கிடையாது. கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால், சாப்பிடுகிறவர் நாக்கையும் மூக்கையும் நம்பித்தான் ஆகவேண்டும்.

அந்தச் சீஸில் சேர்வது பால், உப்பு, ரென்னெட் என்ற உறைபொருள், இவ்வளவுதான். ஏறத்தாழ 550 லிட்டர் பால் உறைந்து 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரம் ஆகிறது. மரத்தட்டில் ஏற்றி வைத்துவிட்டால், பிறகு திருப்பி வைப்பதும் தூசி துடைப்பதும்தான் மனிதர்கள் செய்யும் வேலை. ஓராண்டு ஆனதும் சோதனைக்காரர் வந்து சின்னச் சுத்தியலால் சக்கரத்தைச் சுற்றிலும் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். உள்ளே விரிசல் இருந்தால் ஓசை மாறிவிடும். வெட்டிப் பார்க்காமல், கேட்டே உள்ளிருப்பதை அறிகிற அந்தப் பொறுமை எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம்மையும் அப்படி ஒருவர் தட்டிப் பார்த்தால் என்ன ஓசை வரும் என்று நினைத்துக்கொள்வேன்.

நாக்கை வென்றவன் எல்லாவற்றையும் வென்றான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ருசி பார்ப்பது ஆன்மிகத்துக்கு ஆகாது, கிடைத்ததை விழுங்கிவிட்டு எழுந்திருப்பதே துறவு என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. நான் இதை முழுதாக ஏற்கவில்லை. நாக்குக்கு அடிமையாவது வேறு, நாக்கு சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது வேறு. எதையும் கவனியாமல் விழுங்குகிறவனும் ஒரு வகையில் உணவை அவமதிக்கிறான். பசுவின் பாலும், அதை உறைய வைத்தவரின் விடியற்காலையும், அறையின் இருட்டில் போன நான்கு ஆண்டும் அவன் வாய்க்குள் போய், ஒரு சொல்கூடக் கேட்கப்படாமல் வயிற்றுக்குள் இறங்கிவிடுகின்றன. கவனத்தோடு வைக்கப்பட்ட ஒரு தட்டு, கவனத்தோடு சாப்பிடச் சொல்கிறது. சமைப்பவருக்கு அது படையல். சாப்பிடுகிறவர் அந்த நேரத்துக்காவது தன் கவலையையும் கைபேசியையும் விட்டு அதன்முன் உட்கார்ந்தால், அவருக்கும் அது வழிபாடுதான்.

மோதெனாவில் காலத்தை இன்னொரு விதமாகவும் சேர்த்து வைக்கிறார்கள். அந்த ஊரின் பாரம்பரிய பால்சாமிக் வினிகர் கடையில் மலிவாகக் கிடைக்கும் பால்சாமிக் ரகம் அன்று. திராட்சைச் சாற்றை மணிக்கணக்கில் காய்ச்சி, வீட்டு மாடியின் கூரைக்கு நேர் கீழே, பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாய் அடுக்கிய மரப்பீப்பாய்களில் ஊற்றி வைக்கிறார்கள். ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி, ஜூனிப்பர் என ஒவ்வொரு பீப்பாயும் ஒரு மரம். கோடையில் கூரை கொதிக்கும், குளிர்காலத்தில் உறையும். இரண்டும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மிகச் சிறிய பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுப்பார்கள்; எடுத்த அளவை அதற்கு முந்தைய பீப்பாயிலிருந்து நிரப்புவார்கள்; அதன் குறையை அதற்கும் முந்தையது தீர்க்கும். புதுச் சாறு பெரிய பீப்பாயில்தான் இறங்கும். குறைந்தது 12 ஆண்டு ஆகவேண்டும். 'எக்ஸ்த்ராவெக்கியோ' என்ற முத்திரைக்கு 25 ஆண்டு.

வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் அவளுக்கென்று ஒரு பீப்பாய் வரிசையைத் தொடங்குவது அந்த ஊர் வழக்கம். கல்யாணமாகிப் போகும்போது அது அவளோடு போகும். தொடங்கிவைக்கும் தாத்தாவுக்கு அதன் முழு ருசி தெரிய வாய்ப்பில்லை என்று தெரியும். தெரிந்தும் அடுப்பை மூட்டுகிறார். பலனில் கண் வைக்காமல் வேலையைச் செய் என்று எத்தனை சொற்பொழிவுகளில் கேட்டிருப்போம்! அந்தக் கூரையறையில் யாரும் அதைச் சொல்வதில்லை. பேரப்பிள்ளைகள் பீப்பாயை நிரப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

போத்துரா 1962-இல் அதே ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் அண்ணன்மார் துரத்தும்போது அடுக்களைக்கு ஓடி, பாட்டி மாவு தேய்க்கும் மேசைக்கடியில் ஒளிந்துகொள்வாராம். மேசையிலிருந்து உதிரும் மாவும், பாட்டி மடித்து வைத்த தொர்த்தெல்லீனியும் அங்கிருந்து பார்த்தவை. தொர்த்தெல்லீனி என்பது இறைச்சியும் சீஸும் பொதிந்து விரல்நுனியில் சுற்றி மடிக்கும் சிறு மாவுப்பண்டம். சூடான சூப்பில் மிதக்கும். பச்சையாகவே திருடித் தின்றதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பிறகு அலேன் துகாஸ், ஃபெர்ரான் அத்ரியா போன்ற மேதைகளின் சமையற்கூடங்களில் பயின்று திரும்பியவர், சொந்த ஊரில் ஒரு வேலை செய்தார். கிண்ணம் நிறையப் பரிமாற வேண்டிய தொர்த்தெல்லீனியில் ஆறே ஆறை எடுத்து, வரிசையாக நடந்து போவதுபோல் தட்டில் வைத்தார். ஊருக்குக் கோபம் வந்தது. பாட்டி கைப்பக்குவத்தில் விளையாட இவன் யார் என்று கேட்டார்கள். ஆண்டுக்கணக்கில் உள்ளூர்க்காரர்கள் அந்தக் கடைப்பக்கம் தலைகாட்டத் தயங்கினார்கள்.

அந்த ஆறில் கேலி இருப்பதாக எனக்குப் படவில்லை. கிண்ணம் நிறைய இருக்கும்போது கரண்டிதான் சாப்பிடுகிறது. ஆறு மட்டும் இருந்தால் ஒவ்வொன்றின் மடிப்பும் கண்ணில் படும். யாரோ ஒரு மூதாட்டி விரலை மடக்கிச் செய்தது இது என்று தோன்றும். செபமாலையோ உருத்திராட்சமோ, மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளுவது எண்ணிக்கைக்காக மட்டுமா? அடுத்த மணிக்குத் தாவப் பார்க்கும் மனத்தை இந்த மணியில் நிறுத்தத்தானே.

இதோடு நின்றிருந்தால், இது நல்ல ரசனையுள்ள பணக்காரர்களுக்கான ஓர் அழகிய இடம் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2012 மே மாதம் மோதெனா இருக்கும் எமிலியா வட்டாரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. கிடங்குகளில் அடுக்கியிருந்த சீஸ் சக்கரங்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவை விழுந்து சேதமாயின. சின்னப் பண்ணைக்காரர்கள் பிழைப்பு போய்விட்டது என்று கலங்கி நின்றார்கள். போத்துரா அந்தச் சீஸைக் கொண்டே, எந்த வீட்டிலும் செய்யக்கூடிய, ரிசோத்தோ என்ற எளிய அரிசி உணவு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். உலகின் பல மூலைகளில் மக்கள் ஒரே இரவில் அதையே சமைத்தார்கள். உடைந்த சீஸ் விற்றுப்போனது. ஒரு தட்டின்மேல் வைத்த கவனம் ஒரு நாட்டுப்புறத்தின்மேல் திரும்பியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்று ஆண்டு கழித்து மிலானில் உலகக் கண்காட்சி நடந்தது. எக்ஸ்போ 2015. கருப்பொருளே உலகுக்கு உணவளிப்பது. கோடிக்கணக்கானோர் வந்து போகும் இடத்தில் தினமும் உணவு மிஞ்சும். அதை என்ன செய்வது? நகரத்தின் ஓரத்தில் கிரேகோ என்ற பகுதியில், 1930-களில் கட்டப்பட்டுப் பிறகு கைவிடப்பட்ட ஓர் அரங்கு இருந்தது. காரித்தாஸ் அம்புரோசியானா என்ற திருச்சபைத் தொண்டு அமைப்போடு சேர்ந்து, போத்துராவும் அவர் மனைவி லாரா கில்மோரும் அதை ஓர் உணவுக்கூடமாக மாற்றினார்கள். பெயர் 'ரெஃபெத்தோரியோ அம்புரோசியானோ'. வீடற்றவர்களும், புகலிடம் தேடி வந்தவர்களும் அங்கே விருந்தினர்கள். துகாஸ், அத்ரியா, கோபன்ஹேகனின் ரெனே ரெட்சேப்பி என்று, எட்டாத விலைக்குச் சமைக்கிற அறுபதுக்கும் மேற்பட்ட செஃப்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். அந்த ஆறு மாதத்தில் குப்பைக்குப் போகாமல் மீட்கப்பட்ட உணவு 15 டன்னுக்கு மேல்.

இதைக் கேட்டதும் நம் ஊரில் ஒரு முகச்சுளிப்பு வரும். மீந்ததை ஏழைக்குப் போடுவதா? எச்சிலா? எச்சில் இல்லை. யார் தட்டிலும் பட்டதில்லை. நேற்றைய ரொட்டி, தோல் கறுத்த வாழைப்பழம், அடிபட்ட தக்காளி, தேதி முடிய ஒரு நாள் பாக்கியுள்ள பால். கடை விற்க முடியாதென்று ஒதுக்கியவை. 2022-இல் மட்டும் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. முகம் சுளிக்க வேண்டியது அங்கே.

தினமும் வண்டி வந்து பெட்டிகளை இறக்கும்வரை அன்றைய சமையல் என்னவென்று யாருக்கும் தெரியாது. கண்காட்சியில் வைக்கத்தக்க தட்டுகளை மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துச் செய்கிறவர்கள், இங்கே காய்ந்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டியிருந்தது. காய்ந்த ரொட்டிக்கு எமிலியாவில் பழைய வழி ஒன்று உண்டு. ரொட்டித்தூள், துருவிய பர்மிஜானோ, முட்டை மூன்றையும் பிசைந்து, நம் ஓமப்பொடி அச்சு மாதிரித் துளையுள்ள அச்சில் கொதிக்கும் சூப்புக்குள் நேராகப் பிழிந்துவிடுவது. பெயர் பஸ்ஸதெல்லி. பாட்டிமார் கைவழி வந்தது. துருவி முடித்த சீஸின் கெட்டித் தோலையும் அந்தப் பக்கத்தில் எறிவதில்லை. சூப்பில் போட்டுக் கொதிக்க வைத்துச் சாரம் இறக்கிவிடுவார்கள். பெஸ்தோ என்ற துவையல் அரைக்கப் பைன் கொட்டை இல்லாதபோது ரொட்டித்தூளைப் போட்டு அரைத்தார் போத்துரா. மோதெனாவின் ஸ்தெல்லா தெருவில் உள்ள அந்த உணவகத்தில் சீஸைக் காற்றாக்கிய அதே கை. அங்கே ஒரு குமிழுக்குக் கொடுத்த கவனத்தில் இங்கே எதையும் குறைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் என் மனம் நிற்பது சமையலில் இல்லை, பரிமாறிய விதத்தில். வரிசையில் நின்று தட்டை நீட்ட வேண்டாம். விருந்தினர் உட்காருவார், தொண்டர்கள் மேசைக்கே கொண்டுவந்து மூன்று வகைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பார்கள். மேசைகளை இத்தாலியின் தேர்ந்த வடிவமைப்பாளர்கள் ஓக் மரத்தில் இழைத்தார்கள். வாசலையும் சுவரையும் கலைஞர்கள் அலங்கரித்தார்கள். பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுவதற்கும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பொட்டலம் வயிற்றுப்பசியைத் தீர்க்கும். பந்தி 'வாங்க, உட்காருங்க' என்று சொல்லும்.

30,000 ரூபாய் கொடுப்பவர் எதை வாங்குகிறார் என்று யோசித்தால் இது இன்னும் தெளிவாகிறது. வெறும் வயிற்றுப்பசிக்கு அவ்வளவு யாரும் கொடுப்பதில்லை. கதவருகே ஒருவர் பெயர் சொல்லி வரவேற்கிறார். நாற்காலியை இழுத்து வைக்கிறார். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது எது என்று முன்பே கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். மூன்று மணி நேரம் ஒரு கூட்டமே உங்களை ஒரு பொருட்டாக மதிக்கிறது. தெருவில் படுத்துறங்கும் ஒருவருக்கு அரிதாகிப் போவதும் இதுதான். ரொட்டி எப்படியோ எங்கோ கிடைத்துவிடும். முகம் பார்த்து ஒருவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது கிடைக்காது. இரு மேசைகளிலும் உட்காருகிறவர்களின் ஆழத்துப் பசி ஒன்றே என்று புரிந்துகொண்டதுதான் போத்துரா செய்ததில் உள்ள ஆன்மிகம். மற்றவையெல்லாம் திறமை.

அந்தக் கூடத்துக்கு மடத்து உணவறையின் பெயரை வைத்தது பொருத்தம். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு ஓர் ஒழுங்கு எழுதினார். நம் ஊர்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அவரை அழைப்பார்கள். மடத்தின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பொறுப்பாளர் பலிபீடத்துப் பாத்திரங்களாகவே கருத வேண்டும் என்கிறது அது. சமையற்கட்டு வேலையிலிருந்து யாருக்கும் சுலபமாக விலக்கில்லை. வாரம் ஒருவர் முறை. வாரம் முடிந்து போகிறவரும் புதிதாகப் பொறுப்பேற்பவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவ வேண்டும்.

மிலானிலேயே இன்னோர் உணவறை இருக்கிறது. சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தில், 1495 முதல் 1498 வரை, லியோனார்தோ தா வின்சி 'இறுதி இராவுணவு' ஓவியத்தைத் தீட்டியது துறவிகள் சாப்பிடும் அறையின் சுவரில்தான். சாமிநாதர் சபைத் துறவிகள் அவர்கள்; சொத்து வேண்டாம் என்று வாக்குக் கொடுத்தவர்கள். உலகின் விலைமதிப்பற்ற ஓவியங்களில் ஒன்று, கையில் காசில்லாதவர்கள் தினமும் கஞ்சி குடித்த அறையில் இருந்தது. ஏழ்மைக்கு அழகு எதற்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை போலும். 1652-இல் அந்தச் சுவரில் வாசல் வைத்தபோது ஓவியத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு, இயேசுவின் பாதங்கள் போயின.

முதலில் பக்கத்தில் உட்கார வைத்த கேள்விக்கு வருகிறேன். அந்தப் பணத்தில் எத்தனை பேருக்குச் சோறு போடலாம்? ஏறத்தாழ இதே கேள்வி பெத்தானியாவில் ஒரு விருந்தில் எழுந்ததாக யோவான் நற்செய்தி சொல்கிறது. மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசுகிறாள். வீடெல்லாம் மணக்கிறது. இதை 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்கிறான் யூதாஸ். ஏறக்குறைய ஓராண்டுக் கூலி அது. இயேசு அவளைத் தடுக்கவில்லை. அந்த அன்பை ஏற்றுக்கொண்டார். அதே நற்செய்தியின் அடுத்த அதிகாரத்தில், இராவுணவின்போது எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீடர்களின் பாதங்களைக் கழுவுகிறார். தைலம் பூசப்பட்ட பாதங்களோடு போய் மண்படிந்த பாதங்களுக்குமுன் குனிகிறார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் காட்சியை மட்டும் பிடித்துக்கொண்டால் ஆடம்பரத்துக்கு நியாயம் கிடைத்துவிடும். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால், அழகாக ஒன்றைச் செய்கிற ஒவ்வொருவரையும் குற்றவாளியாக நிறுத்திவிடுவோம். ஸ்தெல்லா தெருவின் மேசைக்கு வருகிற ஒருவர் நன்றியோடு சாப்பிடட்டும், அதில் பிழையில்லை. ஆனால் தன்னை அவர்கள் நடத்தியதுபோல் தான் யாரையாவது நடத்தியதுண்டா என்று எழுந்து போகும்போது ஒரு கணம் யோசித்தால், அந்தச் சாப்பாடு அவருக்குச் செரித்தது என்று சொல்வேன்.

எக்ஸ்போ 2015 அக்டோபர் 31-இல் முடிந்தது. கூடாரங்களைப் பிரித்தார்கள். கிரேகோ அரங்கை மூடவில்லை. காரித்தாஸ் அதைத் தொடர்ந்து நடத்துகிறது. 2016-இல் ரியோ டி ஜெனீரோவிலும், 2017-இல் லண்டனிலும், 2018-இல் பாரிஸ் மதலேன் தேவாலயத்தின் நிலவறையிலும் இதேபோன்ற கூடங்கள் தொடங்கின. பெரிய பெயருள்ள செஃப்கள் எப்போதாவது வந்து போகிறார்கள். மற்ற நாள்களில் அங்கே சமைக்கிறவர்கள் எந்தச் சிறந்த உணவகங்கள் பட்டியலிலும் இல்லை. வந்த பெட்டிகளைத் திறந்து, எது தேறும் என்று பிரித்து, விருந்தினர் வருவதற்குள் மூன்று வகை செய்துவிடுகிறார்கள்.